பிள்ளைகள் எனும் அமானிதமும் காவல்துறைச் சரிபார்ப்பும்



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் தூய குடும்பத்தார் மீதும், சத்திய ஸஹாபாக்கள் மீதும், அவர்களை அடியொற்றி வாழ்ந்த நல்லோர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியோர்களே! வாலிபச் சகோதரர்களே!

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. இன்ஷா அல்லாஹ், விடுமுறை தொடங்கியதும் நம் மக்தப் மதரஸாவில் கோடைகால தீனிய்யாத் வகுப்பு ஆரம்பமாகும். ஓதிக் கொடுக்க உஸ்தாத்மார்கள், பெண் பிள்ளைகளுக்கு ஆலிமாக்கள், விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் பொறுப்பேற்கும் வாலிபர்கள், பிள்ளைகளை அழைத்து வரும் வேன் ஓட்டுநர்கள் என்று பலர் இந்த வேலையில் சேருவார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்புச் சான்றிதழ் கொடுத்த பிறகே பிள்ளைகளோடு பணியாற்ற வேண்டும் என்று நம் நிர்வாகம் முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

ஒட்டிய நாளிலிருந்து பலரும் கேட்கிறார்கள். "ஹஜ்ரத், குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவருக்கு போலீஸ் சர்டிஃபிகேட்டா? இது உஸ்தாதை அவமானப்படுத்துவது ஆகாதா? அல்லாஹ்வின் வீட்டு விஷயத்தில் ஸ்டேஷனை ஏன் இழுக்க வேண்டும்?" கேட்பவர்கள் தீன் மீதுள்ள பிரியத்தில்தான் கேட்கிறார்கள். அதனால் இதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை இன்றைய ஜும்ஆவில் பார்ப்போம்.

ஒரு தந்தையிடம் கேட்கப்பட்ட கேள்வி

ஸூரா யூசுஃபை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அதை ஒரு பிள்ளையைப் பெற்ற தகப்பனின் கண்ணோடு ஒருமுறை ஓதிப் பாருங்கள்.

சகோதரர்கள் யஃகூப் (அலை) அவர்களிடம் வந்து என்ன கேட்டார்கள்? யூசுஃப் விஷயத்தில் எங்களை ஏன் நம்ப மறுக்கிறீர்கள், நாங்கள் அவருக்கு நன்மையை நாடுகிறவர்கள்தானே என்றார்கள். நாளைக்கு எங்களோடு அனுப்புங்கள், அவர் உண்டு விளையாடட்டும், நாங்கள் பாதுகாப்போம் என்றார்கள். (பார்க்க: அல்குர்ஆன் 12:11, 12)

கவனியுங்கள். வந்தவர்கள் அந்நியர்கள் அல்லர். சொந்த அண்ணன்மார்கள், நபியின் வீட்டில் வளர்ந்தவர்கள். கேட்டதும் கெட்ட காரியம் இல்லை. ஒரு பிள்ளையை விளையாட அழைத்துப் போகிறோம் என்றுதான் கேட்டார்கள். முதல் வார்த்தையாக அவர்கள் எடுத்ததோ "எங்களை நம்பமாட்டீர்களா" என்ற கேள்வி. தகப்பனின் எச்சரிக்கையை வெட்கப்பட வைக்கும் கேள்வி அது. யஃகூப் (அலை) அவர்களின் மனம் ஒப்பவில்லை. ஓநாய் தின்றுவிடுமோ என்று பயப்படுகிறேன் என்றார்கள். இருந்தாலும் அனுப்பினார்கள். மாலையில் திரும்பி வந்தது பொய் இரத்தம் தோய்ந்த சட்டை.

ஆண்டுகள் பல கழிகின்றன. அதே பிள்ளைகள் வந்து, புன்யாமீனை எங்களோடு அனுப்புங்கள், நாங்கள் பாதுகாப்போம் என்கிறார்கள். இப்போது யஃகூப் (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? முன்பு இவருடைய சகோதரர் விஷயத்தில் நம்பியதைப் போலவா இவர் விஷயத்திலும் உங்களை நம்புவது என்று கேட்டார்கள். பாதுகாப்பவர்களில் அல்லாஹ்வே மிகச் சிறந்தவன் என்றும் சொன்னார்கள். அதோடு நின்றார்களா? இல்லை. அவரைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி கொடுக்காதவரை அனுப்பவே மாட்டேன் என்றார்கள். உறுதிமொழி வாங்கினார்கள். நாம் பேசியதற்கு அல்லாஹ்வே பொறுப்பாளன் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். (பார்க்க: 12:64, 66) போகும்போதும், எல்லாரும் ஒரே வாசல் வழியாக நுழையாதீர்கள் என்று புத்தி சொன்னார்கள், அல்லாஹ்வின் விதியை என்னால் தடுக்க முடியாது, அவன் மீதே தவக்குல் வைத்தேன் என்றும் சொன்னார்கள். (பார்க்க: 12:67)

தவக்குல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த செய்தி திர்மிதியில் இருக்கிறது. யஃகூப் (அலை) அவர்கள் தம் கடைக்குட்டிப் பிள்ளை விஷயத்தில் செய்ததும் அதுவே. நம்பிக்கையும் இருந்தது, உறுதிமொழியும் வாங்கினார்கள்.

நம் நிர்வாகம் கேட்பதும் ஓர் உறுதிமொழிதான். அந்தக் காலத்தில் வாயால் வாங்கினார்கள். இந்தக் காலத்தில் பதிவேட்டைப் பார்த்து வாங்குகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது நம் நிர்வாகத்தின் புது யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், போக்சோ என்கிறோமே, அது 2012-ல் வந்தது. 18 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டு பேருக்கும் அது பொருந்தும். அதன்கீழ் 2020-ல் வந்த விதிகளில் ஒரு விதி இருக்கிறது. பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று பிள்ளைகள் தங்கும் அல்லது தொடர்ந்து வந்து போகும் எந்த நிறுவனமும், பிள்ளைகளோடு தொடர்பில் வரும் ஒவ்வோர் ஊழியரைப் பற்றியும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும். ஒருமுறை செய்தால் போதாது; குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் எல்லாரும் இதில் அடங்குவர்.

நம் மக்தபுக்கு நாள்தோறும் பிள்ளைகள் வருகிறார்கள். இந்த விதி நமக்கில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அதே சட்டம் கல்வி நிறுவனத்திலோ மத நிறுவனத்திலோ நிர்வாகியாக அல்லது பணியாளராக இருப்பவர் அங்குள்ள பிள்ளைக்குக் கொடுமை செய்தால் அதைக் கடுமையான குற்றமாக வைத்துக் கூடுதல் தண்டனை விதிக்கிறது. நம்பிக்கை எங்கே அதிகமோ அங்கே துரோகத்தின் பாவமும் அதிகம் என்பது நாம் நன்றாக அறிந்த விஷயம்தானே!

விதி பேசுவது ஊழியர்களைப் பற்றி. சம்பளம் வாங்காமல் ஃபீ ஸபீலில்லாஹ் உழைக்கும் வாலிபர்களையும் நம் நிர்வாகம் சேர்த்திருக்கிறது. அது சரியான முடிவு. ஒரு பிள்ளைக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் சம்பளத்துக்கு வந்தவரா, தொண்டாக வந்தவரா என்பதில் என்ன வித்தியாசம்?

இன்னொரு விஷயம். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் 13 மாநிலங்களில் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி அறிக்கை வெளியிட்டது. கேட்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதைச் செய்தவர்களில் சுமார் பாதிப் பேர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கையும் பொறுப்பும் உள்ள இடத்தில் இருந்தவர்கள். யூசுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் போட்டது ஓநாய் அல்ல என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விசாரிப்பது நம் முன்னோரின் வழி

கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். உம்மை எனக்குத் தெரியாது, உம்மைத் தெரிந்த ஒருவரை அழைத்து வாரும் என்றார்கள் உமர் (ரலி). அங்கிருந்த ஒருவர், எனக்கு இவரைத் தெரியும், நேர்மையானவர் என்றார். உமர் (ரலி) அவர்கள் விடவில்லை. இவருடைய வரவும் போக்கும், இரவும் பகலும் உமக்குத் தெரிகிற அளவுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தீரா? இல்லை. தீனார் திர்ஹத்தில் இவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தீரா? இல்லை. பயணத்தில் ஒன்றாக இருந்தீரா? இல்லை. அப்படியென்றால் உமக்கு இவரைத் தெரியாது என்று முடித்துவிட்டு, வந்தவரிடம் திரும்பி, உம்மைத் தெரிந்தவரை அழைத்து வாரும் என்றார்கள். (நூல்: பைஹகீ)

இந்த மூன்று கேள்விகளை நம் மஹல்லாவுக்குள் கொண்டு வாருங்கள். மதரஸாவுக்கு ஆள் எடுக்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? கிராஅத் அழகாக இருக்கிறதா, தாடி இருக்கிறதா, முதல் ஸஃப்பில் நிற்கிறாரா. இவையெல்லாம் நல்ல விஷயங்கள்தாம். ஆனால் உமர் (ரலி) அவர்கள் இவற்றைக் கொண்டு ஓர் ஆளை அறிந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. அதுவும் ஒரு சாட்சியத்துக்கு! நாம் ஒப்படைப்பதோ ஏழு வயதுப் பிள்ளையை.

நம் ஹதீஸ் கலையே விசாரணையின் மீது நிற்கும் கலை. ஒரு ஹதீஸை அறிவிப்பவர் யார், எந்த ஊர், பொய் சொல்லக்கூடியவரா, நினைவாற்றல் எப்படி என்று ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையை இமாம்கள் அலசி எழுதி வைத்தார்கள். ஜர்ஹு வ தஃதீல் என்று அதற்குப் பெயர். வணக்கசாலியாக இருந்தும் நினைவாற்றல் பலவீனம் என்பதால் எத்தனையோ பேருடைய அறிவிப்பைத் தள்ளினார்கள். அதை யாரும் புறம் பேசுவது என்று சொல்லவில்லை; தீனைப் பாதுகாக்கும் வாஜிபான வேலை என்றார்கள். நபிமொழியின் வார்த்தையைப் பாதுகாக்க இவ்வளவு விசாரணை என்றால், அந்த நபியின் உம்மத்துப் பிள்ளையின் மானத்தைப் பாதுகாக்க ஒரு விண்ணப்பம் அதிகமா?

இது சந்தேகப்படுவது ஆகாதா?

கெட்ட எண்ணத்தைத் தவிர்க்கும்படியும் துருவித் துருவி ஆராய வேண்டாம் என்றும் அல்லாஹ் ஸூரா ஹுஜுராத்தில் (49:12) கட்டளையிடுகிறான். அந்தக் கட்டளை நம் தலைமேல். அதே ஸூராவில் ஆறாவது வசனத்தில், பாவி ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துத் தெளிவடையும்படியும் கட்டளையிடுகிறான். இரண்டும் ஒன்றையொன்று முறிப்பவை அல்ல.

ஒரு குறிப்பிட்ட மனிதர் மீது ஆதாரமில்லாமல் சந்தேகம் கொண்டு அவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது ஹராம். இந்தப் பணிக்கு வருகிற எல்லாரிடமும், பெரியவர் சிறியவர் பார்க்காமல், அவர் அறியவே, அவர் கையெழுத்தோடு ஒரு சான்றிதழ் கேட்பது சந்தேகம் அல்ல, அது முறை. ஒருவரிடம் மட்டும் கேட்டால்தான் அவமானம். எல்லாரிடமும் கேட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. ஆகவே என்னிடமிருந்தே தொடங்குங்கள் என்று முத்தவல்லியிடம் சொல்லியிருக்கிறேன். இந்த மிம்பரில் நிற்பவனின் விண்ணப்பம்தான் முதல் விண்ணப்பம். அடுத்து மோதினார், அடுத்து மதரஸா கமிட்டி உறுப்பினர்கள், பிறகு மற்றவர்கள்.

நபி (ஸல்) அவர்களின் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். ரமளானில் இஃதிகாஃப் இருந்தபோது அவர்களைப் பார்க்க அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் வந்தார்கள். திரும்பும்போது வழியனுப்ப நாயகம் (ஸல்) அவர்கள் உடன் நடந்தார்கள். அன்ஸாரிகள் இருவர் அந்த வழியே போனார்கள். பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று சொன்னார்கள். அவர்கள் பதறி ஸுப்ஹானல்லாஹ் என்றார்கள். ஷைத்தான் மனிதனில் இரத்தம் ஓடுவதைப் போல ஓடுகிறான், அவன் உங்கள் உள்ளத்தில் ஏதேனும் போட்டுவிடுவானோ என்று அஞ்சினேன் என்று விளக்கம் தந்தார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்)

யாரைவிட நம்பிக்கைக்குரியவர் உலகில் பிறக்கவில்லையோ, அவர்கள் கேட்காமலே விளக்கம் கொடுத்தார்கள். என்னையா சந்தேகப்படுகிறீர்கள் என்று கோபப்படவில்லை. அல்அமீன் என்று எதிரிகளும் அழைத்த நபி (ஸல்) அவர்களே தம்மைத் திறந்து காட்டினார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்?

வழக்கு இருப்பது தெரிந்தால்?

ஒரு நியாயமான பயம் நம் வாலிபர்களிடம் இருக்கிறது. "ஹஜ்ரத், போராட்டத்தில் நின்றதற்காக என் மேல் ஒரு கேஸ் இருக்கிறது. இனி நான் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கவே முடியாதா?" முடியும், இன்ஷா அல்லாஹ். சான்றிதழில் ஒரு வழக்கு வந்தால் அது என்ன வழக்கு, எந்த நிலையில் இருக்கிறது என்று நிர்வாகம் பார்க்கும். சாலை மறியல் வழக்குக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. நிர்வாகத்தில் இதற்குப் பொறுப்பான மூன்று பேர் மட்டும் அந்தத் தாளைப் பார்ப்பார்கள். அது வாட்ஸ்அப் குரூப்பில் போகாது, டீக்கடையில் பேசப்படாது. யாராவது அதை வெளியே சொன்னால் அவர் அமானிதத்தில் மோசடி செய்தவர் ஆவார்.

ஆனால் பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ எதிரான குற்றம் என்றால், அந்த மனிதர் எவ்வளவு அழுது தவ்பா செய்திருந்தாலும் பிள்ளைகள் பக்கம் வேலை கிடையாது. தவ்பாவை ஏற்பது அல்லாஹ்வின் வேலை. அதன் கதவை மூட நமக்கு அதிகாரமில்லை. பொறுப்பைக் கொடுப்பது நம் வேலை; அதைப் பற்றி நாளை மறுமையில் நம்மிடம் கேள்வி உண்டு. அபூதர் (ரலி) அவர்கள் எவ்வளவு பெரிய ஸஹாபி! ஒரு பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவருடைய தோளில் தட்டி, நீர் பலவீனமானவர், அதுவோ அமானிதம், உரிய முறையில் நிறைவேற்றாதவருக்கு மறுமையில் அது இழிவாகவும் கைசேதமாகவும் ஆகிவிடும் என்ற கருத்தில் சொல்லி மறுத்தார்கள். (நூல்: முஸ்லிம்) அபூதர் (ரலி) அவர்களின் ஈமானுக்கு அதனால் என்ன குறை வந்தது? பொறுப்பு கிடைக்காதது ஒருவருக்கு இழிவு அல்ல.

தொலைபேசியில் வரும் கேள்வி

வேறொரு ஜமாஅத்திலிருந்து நிர்வாகிகள் நமக்குப் போன் செய்கிறார்கள். உங்கள் ஊரில் வேலை செய்த இன்னார் எப்படி என்று கேட்கிறார்கள். நமக்கு ஒரு விஷயம் தெரியும். ஆனாலும் "எதற்கு வம்பு, அவர் ரிஸ்க்கில் ஏன் மண் அள்ளிப் போட வேண்டும்" என்று "நல்லவர்தான்" என்கிறோம். இது ஸதகா அல்ல, சகோதரர்களே! ஓர் ஊரின் ஆபத்தை இன்னோர் ஊருக்குக் கட்டி அனுப்புவது.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்டு முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) ஆகிய இருவரும் வந்தார்கள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார். முஆவியா வசதியில்லாதவர், அபூஜஹ்ம் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்று இருவரின் நிலையையும் திறந்து சொன்னார்கள் நபியவர்கள். (நூல்: முஸ்லிம்) இருவரும் ஸஹாபாக்கள். இருந்தும் ஆலோசனை கேட்பவருக்கு உண்மையைச் சொல்வது கடமை என்பதால் மறைக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் உண்மையைச் சொல்வது புறம் ஆகாது என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் எழுதியிருக்கிறார்கள். எனவே கேட்டால் நமக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு மட்டும், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

சான்றிதழ் வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். காவல்துறைப் பதிவேட்டில் இருப்பது பிடிபட்டவர்களின் பெயர். மாட்டாதவர் பெயர் அதில் இருக்காது. அந்தத் தாள் ஒரு வாசலை மூடுகிறது. மற்ற வாசல்களை நாம்தான் மூட வேண்டும்.

விண்ணப்பம் செய்வது எளிது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் வைக்க வேண்டும். கட்டணத்தை ஜமாஅத்தே கட்டும். உஸ்தாதின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வெளி மாநிலத்திலிருந்து வந்திருக்கும் உஸ்தாத்மார்களுக்கு அவர்களின் சொந்த ஊரிலிருந்தும் சான்றிதழ் வாங்க வேண்டும். முன்பு வேலை செய்த மதரஸாவுக்கும் போன் செய்து கேட்க வேண்டும். பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018-ல் தொடங்கப்பட்டது. அதை நீங்களும் நானும் திறந்து பார்க்க முடியாது. காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள்தாம் பார்க்க முடியும். ஊருக்குள் விசாரித்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே பதில்.

அதோடு மதரஸாவில் இந்த ஒழுங்குகள் இருக்க வேண்டும். வகுப்பறைக் கதவு திறந்தே இருக்கட்டும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. ஸபக் கேட்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் நடக்கட்டும். பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைத்து வேலை வாங்குவதும் உடம்பு பிடிக்கச் சொல்வதும் இன்றோடு நிற்க வேண்டும். பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. சொல்ல வேண்டியதைப் பெற்றோரின் நம்பருக்கு அனுப்புங்கள். வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை தனியாக இல்லாதபடி இன்னொரு பெரியவர் இருக்கட்டும். சுற்றுலாவுக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள் போகட்டும். தங்கி ஓதும் ஹிஃப்ழு மதரஸாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் படுக்கை இருக்கட்டும். பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்கச் சொன்ன மார்க்கம் நம் மார்க்கம். (நூல்: அபூதாவூத்)

இந்த ஒழுங்குகள் நல்ல உஸ்தாதுக்கும் கவசம். திறந்த கதவுக்குள் ஓதிக் கொடுப்பவர் மீது யாரும் பழி சுமத்த முடியாது.

ஒரு பிள்ளை வாய் திறந்தால்

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு நாள் "அங்கே போக மாட்டேன்" என்று அடம் பிடிக்கலாம். சோம்பேறித்தனம் என்று அடித்து இழுத்துக்கொண்டு வந்து விடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகக் கேளுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் நம்பி, பொறுமையாகக் கேளுங்கள். "ஹஜ்ரத் பத்தி அப்படிச் சொல்லாதே, பாவம்" என்று வாயை அடைக்காதீர்கள். அன்றைக்கு மூடிய வாய் பிறகு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நிர்வாகிகளே! இந்த விஷயம் காதுக்கு வந்தால் ஜமாஅத் பஞ்சாயத்து வைத்துப் பேசித் தீர்க்க நமக்கு உரிமை இல்லை. மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாக ஊரைவிட்டு அனுப்பவும் உரிமை இல்லை. குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்களே என்று பயப்பட வேண்டாம். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், காவலர் சீருடையில் வரக் கூடாது, பிள்ளையின் பெயரும் முகமும் பத்திரிகையில் வரக் கூடாது என்றெல்லாம் சட்டமே சொல்கிறது. ஒருவரைப் பழிவாங்க வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களுக்கும் அதே சட்டத்தில் தண்டனை இருக்கிறது. அவதூறு நம் மார்க்கத்தில் பெரும்பாவம் என்பதையும் மறக்காதீர்கள்.

"பள்ளிவாசல் பெயர் கெட்டுவிடுமே, ஏற்கெனவே நம் சமுதாயத்தைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார்களே" என்று சிலர் சொல்வார்கள். மக்ஸூம் கோத்திரத்துப் பெண் ஒருவர் திருடியபோது பெரிய குடும்பமாயிற்றே என்று உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைக்கு அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது. உயர்ந்தவன் திருடினால் விட்டுவிட்டு எளியவன் திருடினால் தண்டித்ததால்தான் முந்தைய சமுதாயங்கள் அழிந்தன என்றும், தம் மகள் ஃபாத்திமாவே ஆனாலும் தண்டனையில் மாற்றமில்லை என்றும் எச்சரித்தார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்) நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். (பார்க்க: 4:135) குற்றத்தை மறைத்த பள்ளிவாசலின் பெயர்தான் கெடும். பிள்ளையின் பக்கம் நின்ற பள்ளிவாசலின் பெயர் கெடாது.

அன்பிற்குரிய உஸ்தாத்மார்களே! குறைந்த ஹதியாவுக்கு அதிகாலையிலிருந்து இரவு வரை நம் பிள்ளைகளோடு மாரடிப்பவர்கள் நீங்கள். உங்களில் மிகப் பெரும்பாலானவர்களின் ஒழுக்கத்துக்கு இந்த ஊரே சாட்சி. இந்தத் தாளை அவமானமாக நினைக்காதீர்கள். ஒரு உம்மா தன் பிள்ளையின் கையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி இது. யஃகூப் (அலை) அவர்கள் கேட்டதும் இந்த உறுதிமொழியைத்தான்.

நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர். உங்கள் பொறுப்பில் உள்ளதைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அனைவரும் அறிவோம். அந்த விசாரணைக்கு முன்னால் இந்த விசாரணை மிகச் சிறியது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் மானத்தையும் பாதுகாப்பாயாக! அவர்களுக்கு ஓதிக் கொடுப்பவர்களை ஸாலிஹானவர்களாக ஆக்குவாயாக! ஏற்கெனவே காயம்பட்டு, சொல்ல முடியாமல் மனதுக்குள் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஆறுதலையும் நீதியையும் தருவாயாக! உண்மையைச் சொல்லும் தைரியத்தையும், கேட்கும் பொறுமையையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பள்ளிவாசலையும் மதரஸாவையும் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடி வரும் இடமாக ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.